செக்கு எண்ணெய் விற்கிறீர்களா?

‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று லேபிளில் பெரிதாகப் போடாதீர்கள். தாவர எண்ணெய் எதிலுமே அது பொருட்படுத்தும் அளவில் கிடையாது. விவரம் தெரிந்தவர் அந்த வரியிலேயே நம்பிக்கை இழப்பார். கணக்கைச் சொல்லுங்கள்: ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு ஏறக்குறைய 2.5 கிலோ எள், கூடவே கருப்பட்டி, ஆட்டுக்கூலி. விலை ஏன் கூடுதல் என்பது அதிலேயே புரிந்துவிடும். அடியில் படியும் கசடையும் படமெடுத்துப் போடுங்கள், மறைக்க வேண்டியதே இல்லை. ஆனால் சரியாகத் தெளியவிடாமல், ஈரம் தங்கிய பாட்டிலில் அடைத்தால் சீக்கிரமே சிக்கு வாடை வரும். அப்புறம் எந்த விளம்பரமும் கைகொடுக்காது.

வாடிக்கையாளர்கள் பலருக்கு ஒரே செய்தியைத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் வசதியில், ஒரு பட்டியலில் 256 பேர்வரைதான் சேர்க்கலாம். அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போகும். முதல் பாட்டில் கொடுக்கும்போதே சேமிக்கச் சொல்லிவிடுங்கள். தினமும் காலை வணக்கம் வேண்டாம். எண்ணெய் ஆட்டுவதற்கு முந்தின நாள் ஒரு செய்தி போதும்.