"சட்டத்துல அப்படி இருக்குங்களா?"

"சட்டத்துல அப்படி இருக்குங்களாண்ணா?" என்று அவர் கேட்டார். "ஆமாங்க தம்பி" என்றேன் நான்.

நடந்தது இவ்வளவுதான். 2023 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை. சாயங்கால டீ முடிந்து லைன் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. பேச்சு அரை நிமிடம்கூட இருந்திருக்காது. அதற்கப்புறம் எத்தனையோ ஆடிட் பார்த்துவிட்டேன், எத்தனையோ பேரை வேலைக்கு எடுத்திருக்கிறேன், கணக்கு முடித்து அனுப்பியும் இருக்கிறேன். அந்த ஒரு "ஆமாங்க" மட்டும் மனதை விட்டுப் போக மாட்டேனென்கிறது.

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியில் சுதந்திர தினத்தன்று கொடியேற்றுவது முதலாளி அல்ல. அந்த வருடம் அதிக நாள் வேலைக்கு வந்த தொழிலாளிதான் ஏற்றுவார். டைலர் ஏற்றியிருக்கிறார், அயர்னிங் மாஸ்டர் ஏற்றியிருக்கிறார், ஒரு வருடம் கேண்டீன் அம்மா ஏற்றினார். வருகைப் பதிவைப் பார்த்துப் பெயரை எடுத்துக் கொடுப்பது எச்.ஆர்.காரனான என் வேலை. 2023இல் முதலில் வந்தது பேட்லாக் தையல் மெஷின் ஓட்டும் இந்தத் தம்பியின் பெயர். இலங்கையிலிருந்து வந்த தமிழ் அகதிகள் இருக்கும் பவானிசாகர் முகாமிலிருந்து புளியம்பட்டி, அவிநாசி வழியாக வேனில் வருகிறவர். முகாமில் கணக்கெடுக்கும் நாளில் மட்டும் பர்மிஷன் கேட்பார். மற்றபடி காய்ச்சலோடும் வந்து நிற்பார்.

பெயரைப் பார்த்த மேனேஜர், "கேம்ப் பையனுங்களா? யாராச்சும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போடுவாங்க. நாளைக்குப் போலீஸ் வந்து கேட்டா நீங்கதான் பதில் சொல்லோணும். யோசிச்சுக்குங்க" என்றார். அவர் அதட்டவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. யோசிக்கத்தான் சொன்னார். நான்தான் யோசிக்காமல் அடுத்த பெயரைப் போட்டுவிட்டேன்.

லைனில் அதற்குள் பேச்சு பரவியிருந்தது, இந்த வருடம் இவர்தான் என்று. சொல்லாமல் விடுவது சரியில்லை என்று கூப்பிட்டேன். குடியுரிமை இல்லாதவர்கள் கொடியேற்றக் கூடாது, அதனால் அடுத்தவரைப் போட்டிருக்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வி. கோபமாகக் கேட்கவில்லை. வேன் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டார். என் பதிலுக்குப் பிறகு, "சரிங்கண்ணா. அப்ப எப்பவும்போல நான் கட்டி மட்டும் குடுத்துடறனுங்க" என்றார்.

கொடி கட்டுவது லேசான வேலையில்லை. மடிப்புக்குள் பூவைப் போட்டு, இழுத்தால் அவிழும்படி முடிச்சுப் போட வேண்டும். இறுக்கிவிட்டால் மேலே போய்த் திறக்காது. தளர்ந்தால் பாதி வழியிலேயே பூ கொட்டிவிடும். ஒரு வருடம் எங்களுக்கு மேலே போய்ச் சிக்கிக்கொண்டு, முந்நூறு பேர் பார்க்க ஏணி போட்டுச் சரிசெய்தோம். அடுத்த வருடத்திலிருந்து இந்தத் தம்பிதான் கட்டுகிறார். பள்ளிக்கூடத்தில் சாரணர் படையில் பழகினாராம். ஒரு தடவையும் சிக்கியதில்லை.

அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து கொடி விதிகளைத் தேடிப் படித்தேன். 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள இந்தியக் கொடி விதித்தொகுப்பு. பொதுமக்களும் தனியார் நிறுவனங்களும் பள்ளிகளும், கொடியின் மதிப்புக்குக் குறைவு வராதபடி எல்லா நாளும் ஏற்றலாம் என்கிறது. கிழிந்த கொடி கூடாது, தரையில் படக் கூடாது, காவி மேலே இருக்க வேண்டும், நீளமும் அகலமும் 3:2 என்றெல்லாம் இருக்கிறது. 2021 டிசம்பரில் திருத்தி பாலியஸ்டர் துணிக்கும் மெஷினில் செய்த கொடிக்கும் அனுமதி தந்ததும், அடுத்த ஆண்டு இரவிலும் பறக்கலாம் என்று திருத்தியதும் எனக்கு முன்பே தெரியும், தொழில் அப்படி. 1971ஆம் ஆண்டின் தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தையும் படித்தேன். எரிப்பதை, கிழிப்பதை, மிதிப்பதைச் சொல்கிறது. ஒரு கம்பெனி வாசலில் கயிற்றை இழுக்கிறவர் கையில் இன்ன அட்டை இருக்க வேண்டும் என்று இரண்டிலும் எந்த இடத்திலும் இல்லை.

படித்து முடித்தபோது மணி பதினொன்று. காலை எட்டரைக்குக் கொடி. போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை.

என் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். முகாம்காரர்களை உளவு வேலை பார்க்கும் க்யூ பிரிவு போலீஸ் கண்காணிக்கிறது. ஒரு போட்டோவுக்காக அந்தத் தம்பியை ஸ்டேஷனில் உட்கார வைத்தால் போகிறது என் வேலையில்லை, அவருடைய நிம்மதி. அவருக்கு நல்லதுதானே செய்தேன் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். ஆனால் அதுதான் காரணமென்றால் அதையே சொல்லியிருக்கலாம். "எனக்குப் பயமா இருக்குதுங்க தம்பி" என்றிருந்தால் அவர் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்திருப்பார். நான் என் பயத்தைச் சட்டம் என்று சொல்லிவிட்டேன். சட்டம் என்று சொன்னால் எதிரில் நிற்பவர் வாயைத் திறக்க முடியாது. அது தெரிந்துதான் சொன்னேனோ என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது, அது வந்த பிறகு என் நியாயம் இன்னும் சுருங்கிவிட்டது. 2019இல் வழக்கத்தை மாற்றி முதலாளியின் மகன் கொடியேற்றினார். அமெரிக்காவில் இருக்கிறார், அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர். இங்கே அவருக்கு இருப்பது, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை. அதை வைத்து ஓட்டுப் போட முடியாது, தோட்டம் காடு வாங்க முடியாது. சட்டப்படி வெளிநாட்டுக்காரர். ஜன கண மன பாடும்போது அவர் கண் கலங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அது பொய்யான கண்ணீர் இல்லை. பிறந்த மண் அப்படித்தான் இழுக்கும். ஆனால் அன்றைக்குக் குடியுரிமை என்ற சொல் எங்களில் ஒருவர் வாயிலும் வரவில்லை. இங்கே பிறந்து வேறு நாட்டுக்காரராகிவிட்டவர் ஏற்றலாம், இங்கே பிறந்து எந்த நாட்டுக்காரராகவும் ஆக முடியாதவர் ஏற்றக் கூடாது என்று நான் எங்கே படித்தேன்?

அதே 2023 மார்ச்சில்தான் வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. போலீஸ் பொய் என்று அறிவித்தது, பீகார் அரசே குழு அனுப்பிப் பார்த்தது. அதற்குள் எத்தனையோ பேர் மூட்டை கட்டி ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள். ராத்திரி ஹாஸ்டலுக்குப் போய், எனக்குத் தெரிந்த உடைந்த இந்தியில், "இதுவும் உங்க நாடுதான், பயப்படாதீங்க" என்று சொன்னவன் நான். மனதாரச் சொன்னேன். ஒடிசாப் பெண்கள் தேசிய கீதத்தில் "உத்கல" வரும்போது குரலை உயர்த்திப் பாடுவார்கள். அந்தச் சொல் அவர்கள் ஊர். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அந்தப் பெண்களிடம் உங்கள் நாடு என்று சொன்ன வாய்தான் ஐந்து மாதத்தில் இதையும் சொன்னது.

அந்தத் தம்பியின் குடும்பக் கதை எனக்கு அப்போது தெரியாது. பிறகுதான் ஒரு நாள் வேனுக்குக் காத்திருக்கும்போது சொன்னார். கொள்ளுத்தாத்தா நாமக்கல் பக்கத்திலிருந்து கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தில் தோட்டத்து ஆட்கள் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டன. மிச்சம் இருந்தவர்களைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். இவருடைய தாத்தாவுக்கு இரண்டு பக்கமும் எதுவும் கைக்கு வரவில்லை. 1977 கலவரத்தில் மலையை விட்டு வவுனியாப் பக்கம் போனார்கள். 1990இல் படகேறி மண்டபம் முகாம், அங்கிருந்து பவானிசாகர். 1994இல் இவர் பிறந்தார். நான்கு தலைமுறை. போன இடத்திலும் திரும்பி வந்த இடத்திலும் இவர்களுக்கு நாடு இல்லை. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கின்றன, இலங்கை இல்லை. 2021இல் முகாமுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது. "போர்டு புதுசுங்கண்ணா" என்று மட்டும் சொன்னார்.

நாமக்கல் என்று கேட்டதும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. எனக்குப் பெண் எடுத்த ஊர் அந்தப் பக்கம்.

தினமும் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வரும்போது குமரன் நினைவகத்தைத் தாண்டித்தான் வருகிறேன். திருப்பூர்க்காரர்களுக்கு நாட்டுப்பற்று என்றால் முதலில் நினைவுக்கு வருவது அவர்தான், பள்ளிக்கூடத்திலிருந்தே. சென்னிமலையில் பிறந்து, 1932 ஜனவரி 10 ஊர்வலத்தில் தடியடி பட்டுக் கீழே விழுந்தும் கொடியை விடாமல், மறுநாள் உயிர்விட்டவர். 27 வயது. இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருக்கிறேன், மேடையில் நானே சொல்லியிருக்கிறேன். இதுவரை தோன்றாத ஒன்று இப்போது தோன்றுகிறது. குமரன் பிடித்த கொடியில் சக்கரம் இல்லை, அது 1947 ஜூலையில்தான் வந்தது. அப்போது காங்கிரஸ் கொடியின் நடுவில் இருந்தது ராட்டை. அந்தக் கொடிக்கு அன்று ஒரு நாடும் இல்லை. குமரன் இந்தியக் குடிமகனாக ஒரு நாளும் வாழவில்லை, பிரிட்டிஷ் பிரஜையாகத்தான் செத்தார். கையில் எந்தக் காகிதமும் இல்லாமல்தான் அந்தப் பிடி. அவர் பெயரில் ரோடு வைத்திருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் காகிதம் கேட்டேன்.

சரி, இப்படி நினைத்துக்கொண்டே போனால் காகிதமே வேண்டாமா என்று ஒரு கேள்வி வருகிறது. வேண்டும்தான். ஆதார் பார்க்காமல் ஒருவரையும் நான் உள்ளே எடுப்பதில்லை. நாடு என்றால் எல்லை உண்டு, கணக்கு உண்டு. இதில் எனக்கு முழுத் தெளிவு இன்னும் இல்லை. கொடியும் காகிதமும் ஒன்றா என்பதில்தான் தடுக்குகிறேன்.

2024 ஏப்ரலில் திருச்சி முகாமிலிருந்து ஒரு பெண் முதல்முறையாக ஓட்டுப் போட்ட செய்தியைத் தம்பி போனில் கொண்டுவந்து காட்டினார். 1986இல் மண்டபத்தில் பிறந்தவர், ஹைகோர்ட் வரை போய் பாஸ்போர்ட் வாங்கியவர். 1987 ஜூலைக்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை, அதற்குப் பிறகு பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். "நான் ஏழு வருசம் லேட்டுங்கண்ணா" என்று சிரித்தார். சட்டத்தை என்னைவிட நன்றாகப் படித்து வைத்திருந்தார். அன்று நான் சொன்னதையும் தேடிப் பார்த்திருப்பாரோ என்று திக்கென்றது. அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஷிப்மெண்ட் நாள், யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

அந்த ஆகஸ்டில் மேனேஜரைக் கேட்கவில்லை. பட்டியலில் அவர் மூன்றாவதாகத்தான் வந்திருந்தார், இருந்தாலும் நேராகப் போய், "தம்பி, இந்த வருசம் நீங்க ஏத்துங்க" என்றேன்.

"வேண்டாங்கண்ணா" என்றார். "சட்டத்துல இடமில்லைன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. என்னால உங்களுக்கு ஒரு பிரச்சனை வரக் கூடாதுங்க."

அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். தெரிந்துதான் சொல்கிறாரா, நம்பித்தான் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போதும் தெரியவில்லை. சாமந்தி இதழைக் கிள்ளி மடிப்புக்குள் போட்டுக்கொண்டிருந்தார். முடிச்சைப் போட்டு, கயிற்றை லேசாக இழுத்துப் பார்த்துவிட்டு, "காவி மேல வருதுங்களான்னு ஒருக்கா பாத்துருங்கண்ணா" என்றார். பார்த்துச் சொன்னேன்.