கூப்பர் வழக்கும் எங்கள் வளவும்

நவம்பர் 24, திங்கள், கானாடுகாத்தான்

கோபாலன் வழக்கு இன்று சட்டக் கல்லூரி வகுப்பில் முடிந்தது. ஏ.கே. கோபாலன் கம்யூனிஸ்ட் தலைவர். தடுப்புக் காவல் சட்டத்தின்படி சென்னைச் சிறையில் வைக்கப்பட்டிருந்தார். குடியரசாகி நான்கு மாதம்கூட ஆகவில்லை, 1950 மே 19-இல் தீர்ப்பு. சட்டம் சொன்ன நடைமுறைப்படி பிடித்திருந்தால், உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் அரசமைப்பின் பிரிவு 21-க்குப் போதும். பேச்சு, நடமாட்டம் போன்ற சுதந்திரங்களைத் தரும் பிரிவு 19-ஐ இழுத்து வந்து அந்தச் சட்டம் நியாயமா என்று கேட்கக் கூடாது என்றது பெரும்பான்மை. அதது தனித்தனி உரிமை. உரிமைகளை அப்படிப் பிரிக்க முடியாது என்று எழுதியவர் நீதிபதி ஃபசல் அலி.

படிக்கப் படிக்க எனக்கு எங்கள் வளவுதான் கண்ணில் நின்றது. நடுவில் முற்றம், சுற்றிலும் புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு. மூன்றாம் அறைச் சாவி மலேசியாவில் பங்காளியிடம் இருக்கிறது. போன வாரம் அதற்குள் மழை ஒழுகி, தேக்குக் கதவுக்கு அடியில் தண்ணீர் கசிந்து ஆத்தங்குடிக் கல்லில் பரவியது. நாங்கள் வெளியே நின்று துணி போட்டுத் துடைத்ததோடு சரி. கோபாலன் தீர்ப்பு இந்த வீடு மாதிரிதான்.

நவம்பர் 26, புதன்

அரசமைப்பு நாள். 1949-இல் இதே தேதியில்தான் ஏற்றுக்கொண்டார்கள். முகவுரையை நின்று வாசித்தோம். அப்புறம் செமினார் தலைப்பு பிரித்தார்கள். கேசவானந்த பாரதிக்குப் பெரிய போட்டி. எனக்கு வந்தது ஆர்.சி. கூப்பர், 1970. "வங்கிக் கேஸா, பாவம்" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

நவம்பர் 29, சனி

மழை விடவில்லை. பட்டாலைத் திண்ணையில் ஐயா (என் தாத்தா) பக்கத்தில் உட்கார்ந்து கூப்பர் தீர்ப்பைப் படித்தேன். 1969 ஜூலை 19, அதுவும் சனிக்கிழமை. 50 கோடி ரூபாய்க்குக் குறையாத டெபாசிட் வைத்திருந்த 14 வங்கிகளை அவசரச் சட்டம் போட்டு அரசு எடுத்துக்கொண்டது. பட்டியலில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி பெயர் வந்ததும் ஐயா கண்ணாடியைக் கழற்றினார்.

"அது நம்ம பக்கத்து வங்கி ஆத்தா. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் ஆரம்பிச்சது. காரைக்குடி, மெட்ராஸ், ரங்கூன், மூணு ஊர்லயும் ஒரே நாள்ல திறந்தாக."

அந்த நாள் 1937 பிப்ரவரி 10. கூப்பர் தீர்ப்பு வந்தது 1970 பிப்ரவரி 10. தற்செயல்தான், ஆனால் இனித் தேர்வில் தேதி மறக்காது.

ஐயா அப்போது வேறொரு வங்கியில் புதிதாகச் சேர்ந்த கிளார்க். திங்கட்கிழமை என்ன மாறியது என்று கேட்டேன். "ஒண்ணும் மாறலை. அதே லெட்ஜர், அதே வவுச்சர் கட்டு. மேனேஜர் மட்டும் ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசலை."

மாறியது பங்குதாரருக்கு. கூப்பர் அப்படி ஒருவர். எடுத்தது வங்கியின் சொத்தை, உம்முடையதை அல்ல என்றது அரசு. அவருக்காக வாதாடியவர் பால்கிவாலா. 11 நீதிபதிகளில் 10 பேர் அரசின் வாதத்தை ஏற்கவில்லை. சட்டம் எந்த நோக்கத்தோடு வந்தது என்று பார்த்தால் போதாது, அந்த ஆளின் உரிமையை அது நேரடியாக என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார்கள். ஏ.என். ராய் மட்டும் மாறுபட்டார். சட்டம் செல்லாமல் போனது. நாலாம் நாள் புது அவசரச் சட்டம் வந்து வங்கிகள் அரசிடமே தங்கிவிட்டன.

"மூணாம் அறைப் பூட்டைத் திறக்க இதுல வழி இருக்கா?" என்றார் ஐயா. அடிப்படை உரிமை பெரும்பாலும் அரசுக்கு எதிராகத்தான், பங்காளிக்குச் சிவில் கோர்ட்டுதான் என்றேன். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

டிசம்பர் 2, செவ்வாய்

ஒப்பந்தச் சட்டம் இன்டர்னல். எழுதியாயிற்று.

டிசம்பர் 5, வெள்ளி

செமினார். வங்கிகள் திரும்பக் கிடைக்காவிட்டாலும் கூப்பரால் கிடைத்தது பெரிது. உரிமைகள் தனித்தனி என்ற கோபாலன் வழி தவறு என்று அதில்தான் சொன்னார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்த மேனகா காந்தி வழக்கில், 1978 ஜனவரி 25 அன்று, சமத்துவம் பேசும் 14-ஆம் பிரிவு, 19, 21 மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும், நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும் என்றார்கள். 2017-இல் அந்தரங்க உரிமைத் தீர்ப்பு நிற்பதும் இதன்மேல்தான்.

சொல்லிவிட்டு, என்னை உறுத்தியதையும் சொன்னேன். சிறையில் கிடந்தவர் கேட்டபோது இல்லை என்ற நீதிமன்றம், பங்குப் பத்திரம் வைத்திருந்தவர் கேட்டதும் சரி என்றது. இடையில் இருபது வருடம். இந்த நாட்டில் தனிமனித சுதந்திரம் சொத்தின் தோளில் ஏறி வந்தது என்பது எனக்குப் பெருமையாகப் படவில்லை. மேடம் மறுக்கவில்லை. ஆனால் அதே 1978-இல் 44-ஆம் திருத்தம் சொத்துரிமையையே அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்து, வெறும் சட்ட உரிமையாக 300ஏ பிரிவில் போட்டதே, அது சரியா என்று திருப்பிக் கேட்டார். சரி என்றேன். ஜமீன் ஒழிப்புக்கே சொத்துரிமை முட்டுக்கட்டையாக நின்றதால்தானே 1951-லேயே முதல் திருத்தமும், நிலச் சட்டங்களை வழக்கிலிருந்து காக்கும் ஒன்பதாம் அட்டவணையும் வேண்டியிருந்தது.

டிசம்பர் 7, ஞாயிறு

செட்டியார் வீடுகளின் 21 நாள் பிள்ளையார் நோன்புக்கு அப்பத்தா நாளுக்கொரு நூலாக எடுத்து வைக்கிறார். பக்கத்தில் ஐயாவோடு வாக்குவாதம்.

300ஏ-ஐ வாசித்துக் காட்டினேன். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது. "சட்டம் போட்டா எடுக்கலாமில்ல? பர்மாவுல 1948-ல சட்டம் போட்டுத்தான் எடுத்தான்" என்றார். அவருடைய அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) பர்மாவில் பெகு பக்கம் வயல் இருந்தது. அந்த வயல் எப்படி வந்தது என்று நான் கேட்டேன். 1930-களின் மந்தத்தில் கடன் கட்ட முடியாத பர்மிய உழவர்களிடமிருந்துதானே? கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் அப்படிச் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. ஐயா பதில் சொல்லவில்லை, கோபமும் படவில்லை.

ஆனாலும் அவர் கேள்விக்கு விடை வேண்டும். மாலையில் கே.டி. பிளாண்டேஷன் தீர்ப்பு கிடைத்தது, 2011, ஐந்து நீதிபதிகள், பெங்களூரு அருகே நடிகை தேவிகா ராணியின் எஸ்டேட் விவகாரம். 300ஏ-இன்கீழ் எடுத்தாலும் பொதுநோக்கம் வேண்டும், அந்தச் சட்டத்தை நீதிமன்றம் பரிசீலிக்கலாம், இழப்பீடு கேட்கும் உரிமை அந்தப் பிரிவுக்குள்ளேயே இருக்கிறது என்கிறார்கள். ஐயாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதிகூடத் தாண்டவில்லை, "தொகை எவ்வளவுன்னு போட்டிருக்கா?" என்றார். அந்தப் பத்தி இன்னும் வரவில்லை.