டாக்கோடு வாங்கலாமா, தனியாகவா?

மே 25, 2024, சனி

அம்மா ஜூலையில் கோவையிலிருந்து நியூ ஜெர்சிக்கு வருகிறார். சமையலறையில் பாட்டு ஓட வேண்டும், அக்காவோடு வீடியோவில் பேச வேண்டும், சாயங்காலம் சீரியல் வேண்டும். போனைக் கையில் பிடித்தபடி பார்த்தால் கண் வலிக்கிறதாம். ஏற்கனவே ஒரு டேப்லெட் இருக்கிறதே என்றேன். "அதைத் தேடி எடுத்து, சார்ஜ் போட்டு, அதுக்கு உயிர் வர்றதுக்குள்ள அத்தை ஊருக்கே திரும்பிடுவாங்க" என்றாள் மனைவி. நியாயம்தான். அது டிராயரில் பழைய பில்களுக்கு அடியில் கிடக்கிறது.

கூகிளின் பிக்சல் டேப்லெட் மேல் எனக்கு ஒரு கண். 2023 ஜூனில் கடைக்கு வந்தபோது அதை நிறுத்தி வைக்கும் ஸ்பீக்கர் டாக்கோடு சேர்த்து 499 டாலர், தனியாகக் கிடையாது. இந்த மாதம் டாக் இல்லாமல் 399க்கும் விற்க ஆரம்பித்திருக்கிறார்கள். அதனால் இனி யோசிக்க வேண்டியது அந்த நூறு டாலரைப் பற்றி மட்டும்தான்.

மே 28, செவ்வாய்

டாக் என்றால் என்ன என்று உட்கார்ந்து படித்தேன். துணி போர்த்திய ஒரு சின்ன மேடு. உள்ளே 43.5 மில்லிமீட்டர் ஸ்பீக்கர் ஒன்று. டேப்லெட் காந்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. முதுகில் இருக்கும் உலோகப் புள்ளிகள் வழியாகவே கரண்டும் போகிறது, சத்தமும் போகிறது. வைஃபை இல்லை, புளூடூத் இல்லை, மைக் இல்லை. டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டால் டாக் வெறும் கட்டை. போனிலிருந்து நேராக அதற்குப் பாட்டு அனுப்ப முடியாது.

இங்கேதான் இடிக்கிறது. அதே கூகிளின் நெஸ்ட் ஆடியோ ஸ்பீக்கர் 2020இல் வந்தபோதே விலை ஏறக்குறைய நூறு டாலர். அதில் அடிச் சத்தத்துக்கு 75 மில்லிமீட்டர் ஊஃபர், கீச்சு சத்தத்துக்குத் தனியாக 19 மில்லிமீட்டர் ட்வீட்டர், போதாததற்கு வைஃபை வேறு. பாட்டுக்காக என்றால் 399 டேப்லெட்டும் ஒரு நெஸ்ட் ஆடியோவும் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். மனைவியிடம் சொன்னேன். "சரி, அப்ப டேப்லெட்டை எங்க நிறுத்தி வைப்பீங்க?" என்றாள். பதில் சொல்லவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

இது ஒன்றும் புது யோசனை இல்லை. அமேசான் 2018இலேயே ஃபயர் டேப்லெட்டுகளுக்கு ஒரு சார்ஜிங் டாக் விற்றது. நிமிர்த்தி வைத்தால் அமேசானின் திரை வைத்த ஸ்பீக்கரான எக்கோ ஷோ போல நடந்துகொள்ளும், ஆனால் டாக்கில் ஸ்பீக்கர் கிடையாது. 2019இல் லெனோவோ அலெக்ஸாவோடும் ஸ்பீக்கர் டாக்கோடும் ஸ்மார்ட் டேப் கொண்டுவந்தது. ஆளாளுக்கு முயன்றிருக்கிறார்கள். டேப்லெட் டிராயருக்குள் போகும் வியாதி எல்லா வீட்டிலும் இருக்கிறது போல.

ஜூன் 9, ஞாயிறு

டி20 உலகக் கோப்பை, இந்தியா பாகிஸ்தான், அதுவும் பக்கத்திலேயே நியூயார்க்கில். டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு நண்பர் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தோம். அவர் வீட்டுச் சமையலறையில் பிக்சல் டேப்லெட் டாக்கோடு இருக்கிறது. மழையால் ஆட்டம் தாமதமானது, எனக்கு வசதியாகப் போயிற்று.

முதலில் பாட்டு போட்டுப் பார்த்தேன். பாத்திரம் கழுவும் சத்தத்தைத் தாண்டிக் குரல் தெளிவாகக் கேட்கிறது. தவில், மிருதங்கம் வந்தால் மட்டும் அடி கொஞ்சம் ஒல்லி. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே டேப்லெட்டைப் பிடுங்கினேன்; பாட்டு நிற்காமல் டேப்லெட்டின் சொந்த ஸ்பீக்கர்களுக்குத் தாவியது. திரும்ப வைத்ததும் டாக்குக்கு வந்துவிட்டது. எந்தப் பட்டனையும் தொட வேண்டியதில்லை. பிரமாதம். ஆனால் சாய்வு ஒரே கோணம்தான், கூட்டவோ குறைக்கவோ முடியாது. நான் நின்றால் சரி, குழந்தைகள் ஸ்டூலில் ஏறித்தான் பார்க்கிறார்கள்.

இந்தியா 119க்குச் சுருண்டதும் ஹாலில் யாரும் பேசவில்லை. நான் டீ போடுகிற சாக்கில் சமையலறைக்கு வந்து, டாக்கில் ஆட்டத்தைப் போட்டுக்கொண்டேன். பும்ரா ஓவர் வரும்போதெல்லாம் ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்துவிட்டார்கள். பாகிஸ்தான் 113க்கு 7, ஆறு ரன்னில் ஜெயித்தோம். கடைசி ஓவரில் நண்பர் டேப்லெட்டைக் கழற்றிப் பின்கட்டுக்கு ஓடினார், அங்கே புகைபிடித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் காட்ட.

கிளம்பும்போது அவரிடம் கேட்டேன்: எப்போதாவது சார்ஜ் இல்லாமல் இருந்ததுண்டா? யோசித்துவிட்டு, "சார்ஜர் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது" என்றார். நூறு டாலர் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. அது ஸ்பீக்கருக்கு இல்லை, இடத்துக்கு. எடுத்தால் திரும்ப வைக்க ஓர் இடம்.

ஜூன் 11, செவ்வாய்

இன்னும் சில விஷயங்கள். போனிலிருந்து இந்த டேப்லெட்டுக்கு வைஃபையில் வீடியோ அனுப்ப, அதாவது காஸ்ட் செய்ய வேண்டுமென்றால் அது டாக்கில் இருக்க வேண்டும். கண்ட உறையைப் போட்டால் டாக்கில் உட்காராது. கூகிளே விற்கும் வளையம் வைத்த உறை உட்காரும், அதற்கு 79 டாலர். வளையத்தைப் பார்த்தால் அழகுதான், விலையைப் பார்த்தால் இல்லை. பாதுகாப்பு அப்டேட் 2028 ஜூன் வரை. டாக்குக்கென்று உருண்டை முனை வைத்த தனி அடாப்டர், போன் சார்ஜர் உதவாது.

ஜூன் 15, சனி

டாக்கோடு ஆர்டர் போட்டாயிற்று. உறை வாங்கவில்லை.

ஜூலை 13, சனி

அம்மா வந்து, ஜெட் லாக் தெளிந்து, சமையலறையைக் கைப்பற்றிவிட்டார். டாக் மிக்ஸிக்கும் அரிசி டப்பாவுக்கும் நடுவில். விடியற்காலையில் பாட்டு, அப்புறம் அக்காவின் வீடியோ கால். நடுவில் சும்மா இருக்கும் நேரத்தில் திரையில் பேரப் பிள்ளைகளின் படங்கள் மாறி மாறி வருகின்றன. அதற்காகவே வேலை இல்லாதபோதும் அங்கே நிற்கிறார்.

"ஏன் கண்ணு, இது நூறு ஆகவே மாட்டேங்குதே, தொண்ணூறுலயே நிக்குது?" என்று கேட்டார். டாக்கிலேயே கிடந்தால் பேட்டரி சீக்கிரம் கெடாமலிருக்க அப்படித்தான் நிறுத்திக்கொள்ளும் என்றேன். நம்பிய மாதிரி தெரியவில்லை.

கேமரா நேராக அடுப்பைப் பார்க்கிறது, அதற்கு மூடி கிடையாது. செட்டிங்கில் அணைத்துக் காட்டினேன். அம்மா அதையெல்லாம் மதிக்கவில்லை. நெற்றியில் வைக்கிற ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்துக் கேமரா மேல் ஒட்டிவிட்டார். அக்கா கூப்பிட்டால் பொட்டு டாக்கின் துணிக்கு இடம் மாறும், பேசி முடித்ததும் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

ஆகஸ்ட் 3, சனி

மாடி அறைக்கும் ஒரு டாக் வாங்கிவிட்டால் அம்மா தூங்கும் முன் அங்கேயே சீரியல் பார்க்கலாமே என்றாள் மனைவி. தனி டாக் 129 டாலர். மாடிக்கு அவர் டேப்லெட்டைக் கொண்டுபோவதே படுக்கையில் மடியில் வைத்துப் பார்க்கத்தான், அங்கே நிறுத்தி வைக்க டாக் எதற்கு? வேண்டாம் என்றேன். பாட்டு மட்டும் போதுமென்றால் அலமாரியில் சும்மா இருக்கும் புளூடூத் ஸ்பீக்கர் போதும். நாளைக்கு அதைத் துடைத்து மாடியில் வைக்க வேண்டும்.