தும்பாவில் ராக்கெட், பேச்செல்லாம் விமானம்

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்திலிருந்து, ராக்கெட் ஏவுதளம் இருக்கும் தும்பா நாலைந்து கிலோமீட்டர்தான். ஆட்டோக்காரர் முந்நூறு ரூபாய் கேட்டார்! நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வர பஸ்ஸுக்கே அவ்வளவு ஆகவில்லை. பேரம் பேசியும் இருநூற்றைம்பதுக்குக் கீழே இறங்கவில்லை. களியக்காவிளை நெரிசலில் வெந்தது தனிக்கதை, அதை விடுகிறேன்.

பூமியின் காந்த நடுக்கோடு தும்பாவை ஒட்டிச் செல்கிறது. மேல் வளிமண்டலத்தை ராக்கெட் விட்டு ஆராய அது வசதி என்பதால்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மீனவர்கள் தங்கள் தேவாலயத்தையே அந்த வேலைக்குக் கொடுத்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று இங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அது அமெரிக்கத் தயாரிப்பு. 1967-இல் நாமே செய்து ஏவிய ரோகிணி ராக்கெட்டின் விட்டம் 75 மில்லிமீட்டர். எங்கள் மொட்டைமாடியில் மழைநீர் இறங்கும் பிளாஸ்டிக் குழாயும் அதே அளவுதான். அந்தத் தேவாலயம் இப்போது அருங்காட்சியகம். அதன் தடித்த சுவர்களுக்குள் நின்று இதை நினைக்கும்போது சிலிர்க்கிறது.

உடன் வந்த மைத்துனன் விமானப் பராமரிப்பு படித்தவன். "அத்தான், மெக்கிரெடி கதை தெரியுமா?" என்று ஆரம்பித்தான். மனித பலத்தால் மட்டுமே எட்டு வடிவில் பறக்கும் விமானத்துக்கு 1959-இல் கிரெமர் பரிசு அறிவித்தார்கள். மற்ற குழுக்கள் அழகழகாகச் செய்தன. ஒருமுறை விழுந்தால் பழுது பார்க்க மாதக்கணக்கு. அமெரிக்கரான பால் மெக்கிரெடியோ அலுமினியக் குழாய், பியானோ கம்பி, மைலார் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாள், ஒட்டு நாடா ஆகியவற்றை வைத்து 96 அடி இறக்கையைக் கட்டினார். எடை சுமார் 32 கிலோ. உடைந்தால் சில மணி நேரத்தில் ஒட்டி மறுபடி பறக்கவிட்டார். 1977 ஆகஸ்ட் 23 அன்று பரிசு அவருக்கு. ஏதோ ஒட்டுவேலைக்காரர் என்று நினைக்க வேண்டாம், விமானவியலில் முனைவர் பட்டம் பெற்றவர்.

சாப்பாட்டுக் கடையிலும் பேச்சு ஓயவில்லை. மயக்கிய மரச்சீனியும் (மசித்த மரவள்ளிக்கிழங்கு) சாளை மீன் குழம்பும்! புளியும் காரமும் சரியாகக் கூடிய குழம்பு. இரண்டாம் முறை ஊற்றியதற்குக் காசு கேட்கவில்லை. ஆட்டோவில் போன பணத்தை மறக்க வைத்தது அதுதான். மைத்துனன் அதற்குள் லாக்ஹீடு என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் கதைக்குப் போய்விட்டான். 1943-இல் அதன் பொறியாளர் கெல்லி ஜான்சன் தலைமையில் சிறு குழு 143 நாட்களில் ஜெட் போர் விமானத்தின் முன்மாதிரியைச் செய்து முடித்தது. நம் ஊரில் பாலத்துக்கு டெண்டர்கூடத் திறந்திருக்க மாட்டார்கள். ஆனால் இன்ஜின் பிரிட்டனில் தயாராக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆள் குறைவு என்பதற்காக மட்டும் எதுவும் நடந்துவிடாது. வரைந்தவர் பட்டறைக்குள்ளேயே நிற்க வேண்டும். ஒரு திருகை மாற்ற ஏழு கையெழுத்துக்கு அலையக் கூடாது. இதில் எங்களுக்குள் சண்டையே இல்லை.

போகிறவர்கள் அடையாள அட்டை எடுத்துச் செல்லுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், கடற்கரை வெயில் கொளுத்துகிறது.