ஐந்து படிகளும் ஒரு பூங்காவும்

எங்கள் ஊரான தருமபுரியில், என் தாத்தாவின் காலத்திலேயே பழையது என்று சொல்லப்பட்ட ஓர் அரசுக் கட்டடம் இருக்கிறது. அதன் முன்னால் வேம்பும் புங்கனும் இரண்டு பெரிய புளிய மரங்களும் நிழல் விரிக்கும் பூங்கா. கட்டடம் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. பூங்காவை மட்டும் காலையும் மாலையும் திறக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் புதுப்பித்து, நூலகமும் சிறு கூடமும் கொண்ட பொது இடமாக்க வேண்டும் என்ற பேச்சு இப்போது ஊரில் மறுபடியும் எழுந்திருக்கிறது. அந்தப் பேச்சு வெறும் வண்ணப்பூச்சிலும் விளக்கு அலங்காரத்திலும் முடிந்துவிடக் கூடாது என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற மார்கழியில் என் அத்தையைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி அங்கே அழைத்துச் சென்றேன். மாடுகளும் மோட்டார் சைக்கிள்களும் நுழையாதபடி, இரும்புக் குழாய்களை வளைத்து, ஓராள் உடலைத் திருப்பித் திருப்பி உள்ளே போகும் விதமாக வாயிலை அடைத்திருக்கிறார்கள். நாற்காலியின் முன்சக்கரங்கள் மட்டுமே அதற்குள் நுழைந்தன. அகலமான பெரிய கதவு பக்கத்திலேயே இருந்தது. அதில் துருப்பிடித்த பூட்டு தொங்கியது. சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு அலைந்து திரும்பியபோது, அத்தை வேலிக்கு வெளியே புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நீ போய்ப் பாத்துட்டு வா கண்ணு, நான் இங்கயே இருக்கேன்" என்றார். அவர் குரலில் வருத்தமே இல்லை; அதுதான் என்னை அதிகம் வருத்தியது. வெளியே காத்திருப்பது அவருக்கு அந்த அளவுக்குப் பழகிப்போயிருக்கிறது.

அத்தை பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டு, நாற்பது ஆண்டுகள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தவர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதி. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைத் தொடர்ந்து குடித்தால் குழந்தைகளின் பற்கள் பழுப்பேறுகின்றன. அதைவிட மிகுந்த அளவில் பல்லாண்டு குடித்தவர்களுக்கு எலும்பு தடித்து, தசைநார் இறுகி, முழங்காலும் முதுகும் மடங்க மறுக்கின்றன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்டபின் காவிரி நீர் ஊர்களுக்கு வருகிறது என்றாலும், ஏற்கெனவே இறுகிவிட்ட மூட்டுகளை அந்த நீர் இளக்கிவிடாது. ஆகவே எங்கள் மாவட்டத்தில் படியேற இயலாதவர்களை எங்கோ இருக்கும் சிலராக எண்ணிவிட முடியாது. எந்தத் தெருவில் கேட்டாலும் வீட்டுக்குள் ஒரு பாட்டி, சுவரைப் பிடித்து நடக்கும் ஒரு பெரியப்பா இருப்பார்கள். வேறெந்த ஊரையும்விட இங்கேதான் படிகளைப் பற்றி முதலில் யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் டேப் எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். கட்டடத்தின் தாழ்வாரத்துக்கு ஐந்து கருங்கற்படிகள், ஒவ்வொன்றும் அரை அடி. ஆக மொத்தம் இரண்டரை அடி உயரம். பின்புறத்தில் எப்போதோ ஒரு சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். அதன் நீளம் 9 அடி. ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும் என்பது விதி. அதன்படி 30 அடியும், நடுவே இளைப்பாறச் சமதளமும், இருபுறம் கைப்பிடியும் இருந்திருக்க வேண்டும். இருப்பதோ, இரண்டு பேர் பிடித்துத் தள்ளினாலும் பின்னோக்கி உருளும் சரிவு. அதன் தலைமாட்டில் உடைந்த மேசைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

சட்டத்தில் குறையில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களையும் விதிகள் வெளியானதிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தடையற்றவையாக மாற்றச் சொன்னது. விதிகள் 2017இல் வந்தன; கெடு 2022இலேயே கடந்துபோனது. எல்லோரும் தடையின்றிப் புழங்குவதற்கான அணுகல் தரங்களைப் பரிந்துரைகளாக விட்டுவைக்காமல் கட்டாய விதிகளாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது.

பழைய கட்டடத்தில் சாய்தளம் வைத்தால் அதன் அழகு கெடும் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்களுடைய கவலையை நான் மதிக்கிறேன். அந்தக் கல்தூண்களின் மேல் எனக்கும் அதே பற்று உண்டு. ஆனால் கட்டடத்தையும் பூங்காவையும் இரண்டு வேலைகளாகப் பிரித்துப் பார்ப்பதால்தான் இந்தச் சிக்கல் வருகிறது. வாயிலிலிருந்து தாழ்வாரம் வரை நூறு அடிக்கு மேல் நிலம் இருக்கிறது. பூங்காவின் நடைபாதையையே ஓர் அடிக்கு இருபது அடி என்ற கணக்கில் மெல்ல உயர்த்திக்கொண்டு போனால், 50 அடியில் தாழ்வார மட்டத்தைத் தொட்டுவிடலாம். நடப்பவருக்கு ஏறுவதே தெரியாது. மணமக்களும் மாவட்ட ஆட்சியரும் என் அத்தையும் ஒரே வழியாக, முன்வாசலுக்கே வருவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. மண்ணைக் கொண்டுவந்து சுவரோடு சேர்த்துக் கொட்டினால் ஈரம் பேஸ்மட்டத்தில் ஏறி, சுவர் பொரிந்து உதிரும். ஆகையால் சுவருக்கு இரண்டடி முன்னதாகவே மேட்டை நிறுத்திவிட்டு, மிச்ச இடைவெளியைக் கருங்கல் பலகையால் பாலமாக இணைக்க வேண்டும். பிற்காலத்தில் வேண்டாமென்றால் பலகையை எடுத்துவிடலாம். பழைய கல் ஒன்றுகூடச் சேதமாகியிருக்காது. அடுத்தது, புளிய மரங்களின் வேர்ப்பரப்பில் ஓரடி மண் ஏற்றினாலும் வேர்கள் மூச்சின்றிப் பட்டுவிடும் என்பதால், பாதை அவற்றைச் சுற்றி வளைந்துதான் போக வேண்டும். அந்த வளைவும் நிழலுக்கு நல்லது.

கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரானைட் விளையும் பூமி நம்முடையது. அதனாலேயே எந்தப் பொதுக் கட்டடத்தைப் புதுப்பித்தாலும் முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேற்றிய பலகையைத் தரையில் பதித்துவிடுகிறார்கள். ஒரு மழை பெய்தால் அதில் கைத்தடி நிற்காது. அம்மி கொத்துவதுபோல உளியால் புள்ளிபுள்ளியாகக் கொத்திய கல்லே நடைபாதைக்கு உகந்தது. பார்வையற்றோருக்கான வழிகாட்டிக் கற்களை ஜப்பானில் செய்யீச்சி மியாகே 1965இல் உருவாக்கினார். 1967இல் அவை ஒக்கயாமா நகரத் தெருவில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. நீள்கோடுகள் இருந்தால் நேரே போகலாம், புள்ளிகள் இருந்தால் நிற்க வேண்டும் என்பது பொருள். அந்தக் கோடுகளையும் புள்ளிகளையும் நம் கல்லிலேயே நம் கல்தச்சர்கள் செதுக்கித் தருவார்கள்.

கட்டடத்துக்குள் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கற்களைச் சாய்த்து அடுக்கிய மெட்ராஸ் ஒட்டுக் கூரையும், சுண்ணாம்புக் காரைச் சுவர்களும் கொண்டது அது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே தங்கும் ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூக்கும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் காரை குழைக்கத் தெரிந்த கொத்தனார்களைத் தேடித்தான் அழைக்க வேண்டும்.

பூங்காவைப் பற்றி என் மனத்தில் உறுத்துவது ஒன்று. மாலை ஐந்து மணிக்கு எண்ணிப் பார்த்தேன்: இருக்கைகளில் இருந்த பதினேழு பேரில் பெண்கள் இருவர். கழிப்பறை பூட்டியிருந்தது. வியன்னா நகரில் 1990களில் ஆராய்ந்தபோது, ஒன்பது, பத்து வயதுக்குப் பின் சிறுமிகள் பூங்காவுக்கு வருவது குறைவதைக் கண்டார்கள். பந்தாடும் ஒரே பெரிய திடலைப் பையன்கள் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது காரணங்களுள் ஒன்று. திடலைப் பல சிறு பகுதிகளாகப் பிரித்து, இறகுப்பந்து, கைப்பந்துக்கு இடம் ஒதுக்கியதும் சிறுமிகள் திரும்பி வந்தார்கள். இங்கும் அப்படிப் பிரிக்கலாம். தண்ணீரும் வெளிச்சமும் உள்ள கழிப்பறை, திருநங்கையர் தயங்காமல் நுழையக்கூடிய தனி அறை ஒன்று, இரைச்சல் தாங்காத பிள்ளைகளுக்குப் புங்க மரத்தடியில் ஓர் அமைதியான மூலை ஆகியவற்றையும் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டவை எங்கள் ஊரில் சேர்ந்ததில்லை.

இவற்றையெல்லாம் மனுவாக எழுதி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுப்பதற்கு முன்பு அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். சாய்தளக் கணக்கைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர், "பெஞ்சுக்கு ரெண்டு பக்கமும் கைக்கட்டை வெக்கச் சொல்லு கண்ணு. உக்காந்துருவேன், ஊன்றதுக்கு ஒண்ணு இல்லாம எந்திரிக்க முடியாது. ரொம்பத் தாழ்வாவும் வேண்டாம்" என்றார். எவ்வளவு உயரம் என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. யாருடைய உதவியும் இல்லாமல் அவர் எழுந்து நிற்கும் ஒரே இடம் வீட்டுத் திண்ணை. அதை அளந்தேன், பதினெட்டரை அங்குலம். மனுவின் ஓரத்தில் அந்த எண்ணைப் பேனாவால் எழுதிச் சேர்த்தேன்.