மாலையைக் கழற்றி வைத்துவிட்டு

மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, அண்ணன் பையிலிருந்து ஒரு காலிக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

அலுமினியம் பாஸ்பைட் மாத்திரைக் குப்பி.

"இதை இனிமே எவனாவது வீட்டுக்குள்ள வைப்பீங்களா?"

மண்டபத்தில் சத்தமே இல்லை.

எங்கள் ஊர் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் சங்கத்துக்கு இன்று அவர் புதுத் தலைவர். சுவரோரம் அடிக்கு ஒரு துளை போட்டு, கரையான் மருந்து இறக்கி, வெள்ளை சிமெண்ட் வைத்து அடைக்கும் உதவியாளாக வந்தவர். டிரில் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை இன்னும் அப்படியே இருக்கிறது.

அந்த மாத்திரை, குடோனில் தானிய மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடி, பூச்சி சாக உள்ளே வைப்பதற்கானது. காற்றில் உள்ள ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற விஷ வாயு கிளம்பும். ஆள் தூங்கும் இடத்தில் அதற்கு என்ன வேலை?

2024 நவம்பரில் குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். ஒன்றுக்கு ஆறு வயது, இன்னொன்றுக்கு ஒன்று. அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாமும் தினம் நாலு வீட்டுக்குள் மருந்தோடு போகிறவர்கள்தானே.

அப்புறம் அண்ணன் இன்னொன்றும் சொன்னார்: "முகமூடி இல்லாம பையனை அனுப்பாதீங்க."

கடைசி வரிசையில் என் கடைப் பையன். கழுத்தில் கைக்குட்டை. இத்தனை நாளாக அதைக் கட்டிக்கொண்டுதான் மருந்தடித்தான்.

வரும் வழியிலேயே வடிகட்டி வைத்த முகமூடி இரண்டு வாங்கிவிட்டேன்.