சாப்டூர் தேனும் முன்பணமும்

பேரையூர் வட்டம் சாப்டூர் மலையடிவாரத்துப் பளியர் பழங்குடியினர் குடியிருப்புக்கு 2019இல் முதன்முதலாகப் போனபோது பாட்டில், லேபிள், உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று என்றே என் நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே 14 பெண்கள் குழு சேர்ந்திருந்தார்கள். தேனைத் தங்கள் பெயரிலேயே மதுரையில் விற்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். கணக்கெழுத நான் துணைக்குப் போனேன்.

முதல் கூட்டத்திலேயே ஓர் அக்கா கேட்டார்: "வாங்கின முன்பணத்தை என்ன செய்வது சார்?"

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காட்டு வேலை நின்றுவிடும். அப்போது அரிசிக்கும் மருந்துக்கும் வியாபாரி பணம் கொடுப்பார். அதற்கு ஈடாக அடுத்த பருவத்துத் தேன் முழுவதும் அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே. அந்தக் கடன் இருக்கும்வரை எங்கள் பாட்டிலில் ஊற்ற ஒரு சொட்டும் மிஞ்சாது. பயிற்சி கொடுக்க வருகிற எவரும் இதைக் கேட்டதே இல்லை என்பது இன்றும் என் மனத்தாங்கல். குழுச் சேமிப்பைக் கொண்டு ஒவ்வொரு வீட்டுக் கடனாக அடைத்து முடிக்க 7 மாதம் ஆயிற்று.

பதிவு அவ்வளவு கடினமில்லை. அன்று ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் இன்னொரு பெயர் என்று இருந்ததைத் திருத்தத்தான் அலைந்தோம். தேன் எடுத்து விற்கும் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தந்திருக்கிறது. அதன் நகல் எப்போதும் என் பையில் இருந்தது.

எதிர்பாராத அடி பரிசோதனையில் விழுந்தது. தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எங்களுடையது 23. காய்ச்சினால் குறையும் என்று சிலர் யோசனை சொன்னார்கள். குடியிருப்பில் மூத்த தாத்தா ஒருவர் ஒப்பவில்லை. தேனீ மெழுகால் மூடிய அடையை மட்டும் அறுக்க வேண்டும், மூடாததையும் புழு அடையையும் மரத்திலேயே விட்டுவிட வேண்டும், அப்பன் பாட்டன் அப்படித்தான் எடுத்தார்கள் என்றார். வியாபாரிக்கு எடைதான் கணக்கு என்பதால் எல்லாவற்றையும் சேர்த்துப் பிழியும் பழக்கம் பின்னால் வந்ததாம்.

அவர் சொன்னபடி எடுத்த தேனில் ஈரப்பதம் 19.

முதல் 40 பாட்டில்கள் மதுரையில் விற்றுத் தீர்ந்த அன்று, அந்த அக்கா பணத்தை இரண்டு முறை எண்ணினார். "இதில் யாருக்கும் கொடுக்க வேண்டியது இல்லையே சார்?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.